சப்பாத்துப் பெட்டியும் சிலம்பும்

தமிழாசிரியர் ஒருவர், அதுவும் கல்லூரியின் விழா மலரில், ஆங்கிலச் சினிமாப் படமொன்றைப் பற்றி எழுதுவது தகுமோ என வினவுவார் உளர். கல்லூரியின் பழம் பெருமையையோ, நாவலரவர்கள் வளர்த்த வசனநடையையோ, சங்கச் செய்யுட் காட்சியொன்றையோ எடுத்துக்கொண்டிருந்தால் எவர்க்கும் மனக்குறை இராது. ஆயினும், சில காலமாக நம் மாணவரும் பெற்றோரும் பழைய மாணவர் பலரும் ஏறக்குறைய ஒரே குரலிற் பேசிவரும் கருத்தொன்று நம்மை உறுத்திக்கொண்டிருக்கின்றது. களவும் வாள்வெட்டும் போதைப்பொருளும் மலிந்த இக்காலத்திலே, பொலிசார் சட்டப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருத்தல் ஆகாது. குற்றவாளி இன்னான் என்பது ஊரறிந்த செய்தியாயின், சான்று கிடைக்கும்வரை காத்திராது, சான்றை உண்டாக்கியேனும் அவனைச் சிறையிலே தள்ளிவிடல் வேண்டும் என்பதே அக்கருத்து. படித்தோர் வாயிலிருந்தும் இது வருகின்றது. சிலவேளை படித்தோர் வாயிலிருந்தே இன்னும் உரக்க வருகின்றது.

இக்கருத்தை நேர்நின்று சோதித்தற்கு, நாமறிந்த படங்களுள் ஓர்சன் வெல்ஸ் இயக்கி நடித்து 1958ஆம் ஆண்டில் வெளிவந்த 'ரச் ஒவ் ஈவில்' போன்ற உரைகல் வேறில்லை. 'தீமையின் தீண்டல்' எனத் தமிழிற் கூறலாம். இது விற் மாஸ்ரர்சன் என்னும் புனைபெயரில் இருவர் சேர்ந்தெழுதி 1956இல் வெளியிட்ட துப்பறியும் நாவலொன்றைத் தழுவியது. நாவலிலே கதாநாயகன் அமெரிக்க வெள்ளையன், மனைவி மெக்சிக்க வழியினள். வெல்ஸ் அதனைப் புரட்டி, நாயகனை மெக்சிக்கோ நாட்டு அதிகாரியாகவும் அவன் புதுமனைவியை அமெரிக்கப் பெண்ணாகவும் ஆக்கினார்; கதை நிகழும் இடத்தையும் இரு நாட்டு எல்லைப்புறத்து ஊரொன்றுக்கு மாற்றினார். இவ்விரு மாற்றங்களாலே சாதாரணத் துப்பறியுங் கதையொன்று இனப்பகையைப் பற்றிய கதையாகிவிட்டது.

படத்தின் தொடக்கத்தைப் பற்றிச் சினிமா அறிஞர் பலர் எழுதியுள்ளனர். மெக்சிக்கோப் பக்கத்திலே ஒருவன் மோட்டார்க்காரின் பின்பெட்டியில் வெடிகுண்டை வைக்கின்றான். செல்வந்தன் ஒருவனும் அவன் தோழியும் அக்காரில் ஏறுகின்றனர். கார் தெருவிலே ஊர்கின்றது. அதன் அருகே, சில வேளை முன்னும் சில வேளை பின்னுமாக, அதிகாரி வார்காசும் அவன் மனைவி சூசனும் நடந்து வருகின்றனர். மூன்று நிமிடத்துக்கு மேலாகப் படப்பிடிப்பு ஓரிடத்திலும் அறுபடவில்லை. காரும் தம்பதியரும் எல்லைச் சாவடியைக் கடந்து அமெரிக்க மண்ணை மிதித்த சிறிது நேரத்தில் குண்டு வெடிக்கின்றது. வித்தைக்காக நீட்டப்பட்ட காட்சி என்று சிலர் கூறுவர். நமக்கு அப்படித் தோன்றவில்லை. எல்லைக்கு இப்பால் வைத்த குண்டு அப்பால் வெடித்தால் வழக்கு யாருடையது? இவ்வினா பேச்சின்றியே நம் முன் வைக்கப்பட்டுவிடுகின்றது.

அமெரிக்கப் பக்கத்து வழக்கை ஆராய வருபவர் ஹாங் குவின்லன் என்னும் பொலிஸ் கப்டன். அவ்வேடத்தை வெல்சே தாங்கினார். அப்போது அவருக்கு வயது நாற்பத்திரண்டுக்கு உட்பட்டதே. ஏறக்குறைய நம் வயதுதான். உடம்பிலே பஞ்சடை கட்டியும் முகத்துக்கு ஒப்பனை பூசியும், பருத்துத் தளர்ந்து கோலூன்றி நடக்கும் முதியவராக அவர் தோன்றுங் காட்சி அச்சந் தருவது. குவின்லன் ஊரிலே பேர்பெற்றவர். குற்றவாளி இன்னான் என்பதை அவர் நொண்டிக் கால் அவருக்கு உணர்த்திவிடுமாம்! அக்கால் உணர்த்தியதைச் சான்று பின்னர் மெய்ப்பிக்கும். ஆண்டுக்கணக்காக அது பிழைத்ததில்லை.

இம்முறை கால் சுட்டிய ஆள் சான்செஸ் என்னும் மெக்சிக்க இளைஞன். சப்பாத்துக் கடைச் சிப்பந்தி. இறந்த செல்வந்தனின் மகளை மறைவில் மணந்தவன். அவன் வீட்டிலே விசாரணை நடக்கின்றது. வார்காஸ் கைகழுவக் குளியலறைக்குட் செல்லும்போது அங்கிருந்த சப்பாத்துப் பெட்டியொன்றைத் தற்செயலாகத் தட்டிவிடுகின்றான். அது வெறும் பெட்டி. சிறிது நேரங் கழித்து, அதே பெட்டியிலிருந்து டைனமைற்றுக் குழாய்கள் இரண்டு கண்டெடுக்கப்படுகின்றன. கண்டெடுத்தவர் குவின்லனின் உதவியாளரான மென்சிஸ். அவர் பொய்யர் அல்லர். தலைவர் வைத்ததை அறியாமலே எடுத்து, எடுத்ததை உண்மையென்றே நம்புகின்றார். இவ்விடத்தைப் பலமுறை பார்த்தோம். பெட்டி வெறுமையாய் இருந்ததைக் கண்டவன் ஒருவனே. அவனும் பிறநாட்டான், சந்தேகிக்கப்பட்டவனின் இனத்தான். அவன் சொல்லை யார் மதிப்பர்? தன்னினத்தானைக் காக்கப் பொய் சொல்கின்றான் என்றே அங்குள்ளோர் கருதுகின்றனர். இனப்பகையின் கொடுமைகளுள் அடிக்கு முந்தியது இது. சாட்சி சொல்பவனின் சொல்லுக்கு நிறை குறைந்துவிடுகின்றது.

அதே விசாரணையில் நிகழும் மற்றொன்றையும் மொழியாசிரியராகிய நாம் விடுத்துச் செல்ல இயலாது. சான்செஸ் கலக்கமுற்ற வேளையில் வார்காசோடு தாய்மொழியிற் பேசத் தொடங்குகின்றான். குவின்லன் அதனைப் பொறுக்கவில்லை. அம்மொழிக்கு ஸ்பானியம் எனும் பெயருண்டு என்பதையும் மதியாது, அதனை 'மெக்சிக்கம்' என்றழைத்து, ஆங்கிலத்திலேயே பேசும்படி பணிக்கின்றார், கையும் ஓங்குகின்றார். தன் உயிர் வழக்காடப்படும்போது தன் மொழி விலக்கப்பட்டவனின் முகத்தை அந்நடிகர் நன்கு காட்டியுள்ளார். தமக்கு விளங்காத மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்தின் அடியிற் கையெழுத்திட்டோர் நம் நாட்டிலும் உளர் என்பதை இம்மலரின் வாசகர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

குவின்லன் இலஞ்சம் வாங்குபவர் அல்லர். இதுவே படத்தின் நுட்பம். அவர் வீட்டிற் பணமில்லை. ஊழல் என்றால் காசு என்றே எண்ணிப் பழகிய நமக்கு இஃது ஒரு பாடம். அவருடைய மனைவி பல்லாண்டுகளுக்கு முன் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டாள். கொன்றவன் கலப்பினத்தான் என்பதை அவர் அறிவார். மெய்ப்பிக்கச் சான்று இல்லை. அவன் தண்டனையின்றித் தப்பி, முதலாம் உலகப் போரிலே பெல்ஜிய நாட்டுச் சேற்றில் மாண்டான். அன்று முதல் தம் கையிலிருந்து எவனும் தப்பியதில்லை என்பதே அவர் பெருமை. துயரமும் உண்மை, கடமையுணர்ச்சியும் உண்மை. அத்துயரத்தின் வழியே வந்த வெறுப்புத்தான் அவருடைய காலுக்குள் இருந்து பேசுகின்றது. அந்தக் கால் ஏன் மெக்சிக்கரை நோக்கியே எளிதில் திரும்புகின்றது என்பதை அவர் ஒருநாளும் தம்மைக் கேட்டதில்லை.

இத்தகைய பொருளை வெல்ஸ் எங்கிருந்து பெற்றார் என்பதற்கு அவர் வரலாறு சான்று பகரும். 1942இல் லொஸ் அஞ்சலிசின் அருகே இளைஞனொருவன் இறந்ததன்மேல் மெக்சிக்க வழி இளைஞர் பலர் மொத்தமாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, பதினெழுவர் 1943 தை மாதத்தில் தண்டனைக்கு உள்ளாயினர். 'ஸ்லீப்பி லகூன்' வழக்கு என அது பெயர் பெற்றது. அவர்களுக்காக வாதாட அமைந்த குழுவினர் வெளியிட்ட சிறுநூலுக்கு முன்னுரை எழுதியவர் வெல்ஸ். 1944 ஐப்பசியில் மேல்நீதிமன்றம் அத்தீர்ப்புக்களைத் தள்ளிற்று. பின்னர், 1946 மாசியில், ஐசாக் வூடார்ட் என்னும் கறுப்பினப் படைவீரர் போரிலிருந்து விடுவிக்கப்பட்ட நாளிலேயே, சீருடையோடு வீடு திரும்பும் வழியில், தென் கரோலினாவிற் பொலிசாரால் தாக்கப்பட்டு இரு கண்ணும் இழந்தார். வெல்ஸ் தம் வானொலிப் பேச்சுக்களிலே வாரந்தோறும் அவ்வழக்கை எடுத்து, பெயரறியாத அவ்வதிகாரியை விடாது தேடப்போவதாக முழங்கினார். அவ்வதிகாரி கண்டறியப்பட்டு வழக்கும் நடந்தது. வெள்ளையர் மட்டுமே அமர்ந்த ஜூரி அவரை அவ்வாண்டிலேயே விடுதலை செய்தது.

இங்கே ஒரு செய்தியை மறைத்தல் நேர்மையாகாது. அத்தாக்குதல் ஏய்க்கன் என்ற ஊரில் நிகழ்ந்ததென்றே வெல்ஸ் முதலில் முழங்கினார். வூடார்ட் தந்த வாக்குமூலத்தில் அவ்வூரே இருந்தது. கண்ணிழந்தவர் ஊரை எங்ஙனம் திட்டமாகச் சொல்வார்? உண்மையில் அது நிகழ்ந்த இடம் பேற்ஸ்பேர்க். ஏய்க்கன் மக்கள் வெகுண்டெழுந்து வெல்ஸ் நடித்த படத்தைத் தம்மூரில் ஓடவிடாது தடுத்தனர். நல்ல நோக்கமும் நியாயமான சினமும் உடைய ஒருவரே, சான்று முற்றுமுன் விரலை நீட்டினால் வேறிடத்தைச் சுட்டிவிடலாம் என்பதை வெல்ஸ் தம் அனுபவத்தால் அறிந்திருந்தார். குவின்லனை அவர் வெறும் அரக்கனாக நடிக்காமைக்கு அதுவும் ஒரு காரணமாயிருக்கலாம் என்பது நம் ஊகம்.

கதையின் பின்பாதியை விரிக்க இடமில்லை. வார்காஸ் பழைய வழக்கேடுகளைப் புரட்டிக் குவின்லனின் வழக்கத்தைக் கண்டுகொள்கின்றான். குவின்லன் உள்ளூர்த் தீயோர் கூட்டத் தலைவன் கிராண்டியோடு சேர்ந்து சூசன்மேற் பழி சுமத்தச் சூழ்ச்சி செய்கின்றார். பின் அவனையே கழுத்து நெரித்துக் கொல்கின்றார். சான்றைப் புனையத் தொடங்கியவர், புனைந்ததை மறைக்கக் கொலைஞராகின்றார். கொலை நடந்த அறையிலே ஊன்றுகோலை மறந்துவிட்டுச் செல்கின்றார். அதனைக் கண்டெடுப்பவரும் மென்சிசே. அவர் அதனை வார்காசின் கையிற் கொடுக்கும் இடமே நம்மை மிகவும் அசைத்த இடம்.

மென்சிசை எண்ணுக. ஒருகால் குவின்லன் அவருக்காகக் குண்டடி பட்டார். அந்நொண்டி அதனால் வந்தது. உயிர் தந்தவரை எங்ஙனம் காட்டிக்கொடுப்பது? பழைய மாணவர் மலரிலே நன்றியையும் பற்றையும் குறைத்துப் பேசுதல் வழக்கமன்று, ஆயினுஞ் சொல்கின்றோம். 'நம்மவர்' என்ற சொல்லினாலே நம் சபைகளிலும் காரியாலயங்களிலும் மூடப்பட்ட பெட்டிகள் எத்தனை என்பதை அவரவர் நெஞ்சு அறியும். குவின்லன் போன்றார் ஓரூரில் ஒருவரே இருப்பர். அவரை முப்பதாண்டு தாங்கி நிற்பவர் மென்சிஸ் போன்ற நல்லவரே. அவர் உடம்பிலே ஒலிபரப்புங் கருவியை மறைத்துக்கொண்டு தலைவரைப் பேசவைக்கின்றார். வார்காஸ் ஒலிப்பதிவுக் கருவியோடு, எண்ணெய்க் கிணறுகளினூடும் கழிவுநீரினூடும் மறைந்து பின்தொடர்கின்றான். தன் குரலின் எதிரொலியைக் கேட்ட குவின்லன் மென்சிசைச் சுடுகின்றார். சாகுந் தறுவாயில் மென்சிஸ் குவின்லனைச் சுடுகின்றார். அழுக்கு நீரில் அப்பெருத்த உடல் வீழ்கின்றது.

அப்போதுதான் செய்தி வருகின்றது. சான்செஸ் குற்றத்தை ஒப்புக்கொண்டானாம். கால் சொன்னது சரிதானாம்!

படத்தை இவ்விடத்தோடு பார்த்தவர் பலர், அங்ஙனமாயின் குவின்லன் செய்தது பொருந்தும் என வாதிப்பர். இதனை நினைக்கும்போதெல்லாம் நம் வகுப்பில் எழுந்த வினாவொன்று நினைவுக்கு வரும். சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைப் படிப்பித்துக்கொண்டிருந்தோம். பின்வாங்கிலிருந்த மாணவன் எழுந்து, "கோவலன் உண்மையாகவே சிலம்பைக் களவெடுத்திருந்தால் பாண்டியன் செய்தது சரியா, சேர்?" என்றான். வகுப்புச் சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. அவ்வகுப்பில் எழுந்த வினாக்களுள் அதுவே தலையாயது.

விடையிது. கோவலன் கள்வனாயினும் பாண்டியன் செய்தது பிழையே. பொற்கொல்லனின் சொல்லைக் கேட்ட மன்னன், அச்சிலம்பின் பரல் மாணிக்கமா முத்தா என்று ஒருமுறை உடைத்துப் பார்த்திருந்தால் வழக்கு அப்போதே தெளிந்திருக்கும். சான்று கைக்கெட்டிய தூரத்திலேயே இருந்தது, தேடுவார் இல்லை. கோவலன் கள்வனோ அல்லனோ என்பதை உடையாத சிலம்பு எவர்க்கும் சொல்லாது. ஆகவே, அன்று மன்னன் தண்டித்தது கள்வனையுமன்று, கள்வனல்லாதவனையுமன்று. பொற்கொல்லன் சொன்ன ஒரு கதையையே தண்டித்தான். கண்ணகி வந்து உடைத்தபின் தெரிந்தது பின்னர்த் தெரிந்ததே.

குவின்லனின் பெட்டியும் அவ்வாறே. டைனமைற்றை அவர் வைத்த கணமே உண்மையான டைனமைற்றைத் தேடும் வேலை நின்றுவிட்டது. சான்செஸ் அதனை எங்கிருந்து பெற்றான், உடனிருந்தோர் யாவர் என்பவற்றை இனி யாரும் கேளார். வழக்கு முடிந்ததே! அவன் ஒப்புக்கொண்டான் என்பதையும் நாம் கண்ணாற் காணவில்லை; ஒருவர் சொல்லக் கேட்கின்றோம். குவின்லனின் சகாக்களுடைய காவலில் இருந்தவன் ஒப்புக்கொண்டது உண்மையாலா, ஓய்ந்துபோனமையாலா? படம் சொல்லாது விடுகின்றது. அவ்வூர் நீதிமன்றமும் இனி அதனை அறியமாட்டாது. இன்னும், குவின்லன் முப்பதாண்டிற் சிறைக்கனுப்பியோர் அனைவரும், உண்மைக் குற்றவாளிகள் உட்பட, தாம் புனைந்த சான்றினாற் பிடிபட்டோம் என முறையிட இனி வழி திறந்துவிட்டது. அவர்களுட் கொலைஞனை எவ்வாறு பிரித்தறிவது?

பாண்டியனுக்கு ஒரு சிறப்புண்டு. சான்று கண்முன் வைக்கப்பட்டவுடன் அவன் அதனை மதித்தான், உயிரையும் விட்டான். குவின்லனோ, குற்றஞ்சாட்டப்பட்டபோது பதவிச் சின்னத்தை வீசியெறிந்து, இத்தனை கால உழைப்புக்கு இதுவா கைம்மாறு எனச் சீறுகின்றார். சூழ்ந்திருந்தோர் அவரைத் தேற்றுகின்றனர்.

சட்டத்தைப் பேணினாற் குற்றவாளி தப்பிவிடுவான் என்ற அச்சத்துக்கும் அமெரிக்க வரலாற்றிலேயே ஒரு மறுமொழி உண்டு. 1963இல் அரிசோனா மாநிலத்திலே ஏர்னெஸ்ரோ மிரண்டா என்னும் மெக்சிக்க வழி இளைஞன் பெண்ணொருத்தியைக் கடத்திக் கெடுத்ததாகப் பிடிபட்டு, பொலிஸ் அறையிற் குற்றத்தை ஒப்புக்கொண்டான். மௌனமாயிருக்கவும் சட்டத்தரணியைப் பெறவும் தனக்குரிமையுண்டு என்பது அவனுக்குச் சொல்லப்படவில்லை. 1966 ஆனி 13ஆந் திகதி உயர்நீதிமன்றம் ஐவர்க்கு நால்வராய்ப் பிரிந்து அத்தீர்ப்பைத் தள்ளிற்று. நாடெங்கும் பொலிசார் கூக்குரலிட்டனர். நடந்தது என்ன? 1967இல் அவ்வொப்புதலை விடுத்து வேறு சான்றுகளைக் கொண்டு வழக்கு மீண்டும் நடத்தப்பட்டது. மிரண்டா மீண்டும் குற்றவாளியாகக் காணப்பட்டுச் சிறை சென்றான். தேடியவர்க்குச் சான்று இருந்தது.

நம் நாட்டின் 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டம், பொலிஸ் உத்தியோகத்தருக்கு அளிக்கப்பட்ட குற்ற ஒப்புதலை எதிரிக்கு மாறாக எண்பிக்கலாகாது எனப் பிரித்தானியர் ஆட்சிக்காலத்திலேயே விதித்துவிட்டது. அந்நியர் ஆட்சியின் பொலிசாரை அவ்வாட்சியே எவ்வளவிற்கு நம்பியது என்பது இதனாற் புலப்படும். 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாதவரிடம் அளித்த ஒப்புதலை ஏற்கலாம் என அத்தடையை நீக்கியதோடு, அது வலிந்து பெறப்பட்டது என்பதைக் காட்டும் பாரத்தையும் எதிரியின் தலையிலேயே ஏற்றிற்று. மூன்றாண்டுக்கென வந்த அது 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. பிறன் மகனுக்காக நெகிழ்த்திய கயிறு நம் மகன் கழுத்துக்கும் பொருந்தும் என்பதை நம் மக்கள் எத்தனையோ வீட்டுத் திண்ணைகளில் இருந்து அறிந்தனர். அவ்வாறு அறிந்த ஊரிலேயே இன்று, 'சான்றை உண்டாக்கு' என்ற குரல் எழுகின்றது. வியப்பன்றோ?

படம் குறையற்றதென நாம் கூறவில்லை. மெக்சிக்கோ அதிகாரியாக நடிப்பவர் சார்ள்ற்றன் ஹெஸ்ரன்; முகத்திற் கருஞ்சாயமும் மேலுதட்டில் மீசையும் தீட்டி அவரை மெக்சிக்கராக்கினர். கிராண்டியாக வருபவர் ஆர்மீனிய வழியினர். அவ்வூர்த் தவறணைக்காரியாக வருபவர் ஜேர்மன் நடிகை மார்லீன் டீற்றிறிச். இனப்பகையைக் கண்டிக்கும் படத்திலே, கண்டிக்கப்படும் இனத்தார்க்குத் தலையாய வேடமொன்றைக் கொடுக்க ஹொலிவூட்டுக்கு மனம் வரவில்லை. அக்கால வழக்கம் என்பர். ஆம், குவின்லன் செய்ததும் அவ்வூரில் வழக்கமே. சூசனைத் தனியே விடுதியில் விட்டுவிட்டு வார்காஸ் ஊர்சுற்றும் அறியாமையும் நம்பத்தக்கதன்று.

கம்பனியார் வெல்சின் கையிலிருந்து படத்தைப் பறித்து, வேறொருவரைக் கொண்டு சில காட்சிகளைச் சேர்த்து, தம் விருப்பப்படி வெட்டி வெளியிட்டனர். அவர் மனமுடைந்து 1957 மார்கழியில் ஐம்பத்தெட்டுப் பக்கங் கொண்ட குறிப்பொன்றை எழுதி, எவ்வெவ்விடத்தை எங்ஙனந் திருத்தல் வேண்டும் என விளக்கினார். நாற்பதாண்டு கழித்து, அவர் இறந்து பதின்மூன்றாண்டானபின், வோல்ரர் மேர்ச் என்பார் அக்குறிப்பைத் துணைக்கொண்டு 1998இற் புதிய வடிவமொன்றை அமைத்தார். தொடக்கக் காட்சியின்மேல் ஓடிய எழுத்துக்கள் அதில் நீக்கப்பட்டுள்ளன. பார்ப்போர் அவ்வடிவத்தையே தேடிப் பார்க்க.

உயர்தர வகுப்பு மாணவர்க்கு இதனைக் கல்லூரி மண்டபத்திற் காட்டலாம் என அதிபரவர்களிடம் விண்ணப்பித்துள்ளோம். விடுதிக் காட்சிகள் சில கடுமையானவை, கீழ்வகுப்பினர்க்கு ஏற்றவையல்ல. படம் முடிந்தபின் தமிழ் மன்றத்திலே, கோவலன் கள்வனாயின் பாண்டியன் செய்தது முறையோ என்பதைப் பொருளாக வைத்து விவாதம் நடத்த எண்ணியுள்ளோம். பொலிஸ் சேவையிலும் நீதித்துறையிலும் பணிபுரியும் பழைய மாணவர் நடுவராக அமர இசைவாராயின் மிக நன்று. அன்று பின்வாங்கில் எழுந்து வினவிய மாணவன் இப்போது சட்டக் கல்லூரியிற் பயில்கின்றான், அவனையும் அழைத்திருக்கின்றோம். எப்பக்கம் பேசுவான் என்பதை அவன் இன்னும் தெரிவிக்கவில்லை.